வீட்டிலேயே குழுவின் டெமோ: ராமநாதபுரம் கடற்கரைக் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாடகர், கீபோர்டு, கிட்டார், பேஸ், ரிதம் பேட் அல்லது தோலக் என ஐந்து பேர். ஒரு லேப்டாப், இரண்டு உள்ளீடு உள்ள ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கருவிகளையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. இவ்வளவு இருக்கும் இசைக்குழு வீட்டிலேயே டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, எடுப்பதற்காக எழுதியது இது. எல்லாரையும் உட்காரவைத்து நடுவில் ஒரு மைக் நிறுத்திப் பதியும் முறை இதில் இல்லை. அதில் ஒருவர் தவறினால் ஐவரும் மறுபடி வாசிக்க வேண்டும். குரல் அடங்கிப்போனால் பிறகு தனியே தூக்கவும் முடியாது. கையில் காசு குறைவு என்றால் ஒருவர் பின் ஒருவராகப் பதிவதுதான் வழி. அப்படிப் பதியும்போது வரிசை தவறினால் பின்னால் எல்லாமே இழுபறியாகிவிடும். புதிதாக இறங்குபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

1. யாருக்காக டெமோ என்பதை முதலில் பேசி முடியுங்கள்

திருவிழாக் கச்சேரி பிடிக்க அனுப்பும் டெமோ வேறு, சொந்தப் பாட்டை வெளியிடும் முன் செய்யும் டெமோ வேறு. கச்சேரிக்கு என்றால் கமிட்டிக்காரர் குரலையும் தாளக்கட்டையும்தான் கேட்பார். அரை நிமிட முன்னிசையை ஓடவிட்டால் அவர் அடுத்த ஆளின் கோப்புக்குப் போய்விடுவார். பத்து, பதினைந்து விநாடிக்குள் குரல் வந்துவிட வேண்டும்.

மூன்று பாட்டு போதும். வேகமானது ஒன்று, மெதுவானது ஒன்று, குழுவுக்கே உரியது ஒன்று. ஏழெட்டுப் பாட்டு எடுத்துக்கொண்ட குழுக்கள் எதையும் முடிப்பதில்லை.

2. வாங்க வேண்டியவை, வாங்கத் தேவையில்லாதவை

இன்டர்ஃபேஸ் வாங்கும்போது இரண்டு உள்ளீடும் ஒரே மாதிரியா என்று பாருங்கள். விலை குறைந்த சில மாடல்களில் மைக் ஒன்றைத்தான் செருக முடியும். இரண்டாவது ஓட்டை கிட்டாருக்கு மட்டும். தோலக்குக்கு இரண்டு மைக் வைக்க நினைத்தால் அது உதவாது. உள்ளீடுகள் இரண்டும் மைக், லைன், கிட்டார் மூன்றையும் ஏற்க வேண்டும், 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (கண்டென்சர் மைக்குக்கு வயர் வழியே போகும் மின்சாரம்) இருக்க வேண்டும். பழையதாகக் கிடைத்தாலும் எடுக்கலாம். ஆனால் வாங்கும் இடத்திலேயே எல்லா ஓட்டையிலும் பின்னைச் செருகி ஆட்டிப் பாருங்கள். கடற்கரையில் உழைத்த பொருளில் முதலில் போவது ஜாக்தான்.

மைக் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டைனமிக் மைக் வாங்குங்கள். கண்டென்சர் மைக் நுணுக்கமாகக் கேட்கும். அந்த நுணுக்கத்தில் பக்கத்து வீட்டு மிக்ஸியும் சேர்ந்தே வரும். ஒலித்தடுப்பு செய்யாத அறைக்கு ஷூர் எஸ்எம்58 போன்ற மைக் பொருந்தும். மேடையிலும் அதுவே உதவும்.

மற்றவை: காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன், கனமான அடிப்பாகம் உள்ள மைக் ஸ்டாண்டு, மைக்குக்கான எக்ஸ்எல்ஆர் வயர் இரண்டு, கிட்டார் வயர் இரண்டு. பாப் ஃபில்டர் (வாய்க் காற்று மைக்கில் அடிக்காமல் தடுக்கும் வலை) வாங்க வேண்டாம். எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்துக் கட்டினால் அதே வேலையைச் செய்யும். ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கரும் இப்போதைக்கு வேண்டாம். நல்ல ஹெட்ஃபோனும், எல்லார் கையிலும் இருக்கும் போனும் போதும்.

முட்டை அட்டைக்குக் காசு செலவழிக்காதீர்கள். உச்சத்தில் கொஞ்சம் கூர்மையைக் குறைக்கும், மற்றபடி சுவரில் தூசி சேர்க்கும்.

3. கரண்ட், எர்த்து, இரைச்சல்

ஒரு சத்தம்கூடப் பதியும் முன் இதைச் சரிசெய்யுங்கள். பாட்டு முழுக்கப் பதிந்த பிறகு ‘ம்ம்ம்’ என்ற ஹம்மைக் கண்டுபிடித்தால் அதைச் சுத்தமாக எடுக்க முடியாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த ஹம் 50, 100, 150 என்று அடுக்கடுக்காக வரும். பேஸும் குரலின் அடிப்பகுதியும் இருப்பது அங்கேதான்.

மணல் தரையில் எர்த்துக் குழி சீக்கிரம் காய்ந்துவிடும். உப்புக் காற்றில் எர்த்துக் கம்பியின் இணைப்பு துருவேறி விடும். வீட்டு எர்த்தில் சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஹம் போக வேண்டும் என்று பிளக்கின் மூன்றாவது பின்னை முறித்துவிடும் பழக்கம் மேடைக்காரர்களிடம் இன்னும் இருக்கிறது. ஹம்முக்குப் பதில் உயிர் போகும் வேலை அது.

பாதுகாப்பான வழிகள் இவை. லேப்டாப்பை முழுக்க சார்ஜ் செய்து, பதியும்போது சார்ஜரைக் கழற்றுங்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இணையுங்கள். ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர் விளக்கு இரண்டையும் அணையுங்கள். கிட்டார் பிக்அப்பில் ‘கிர்ர்’ என்று ஏறுவது பெரும்பாலும் அவற்றால்தான். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடினால் பதிவை நிறுத்துங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும் கீபோர்டு அடாப்டர் தனியாக ஒரு ராகம் பாடும்.

4. அறையைத் தயார் செய்தல்

நம் பக்கத்து வீடுகளில் சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, மேலே கான்கிரீட். நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். ‘ட்ரிங்’ என்று ஒரு ஒட்டு ஒலி பின்னால் வந்தால் அதுவே குரலிலும் ஒட்டும்.

இலவம் பஞ்சு மெத்தைதான் வீட்டில் உள்ளதிலேயே சிறந்த மருந்து. கனமும் மென்மையும் உள்ள பொருள்தான் ஒலியைக் குடிக்கும். ஓலைப்பாய், மெல்லிய திரைச்சீலை, தொங்கவிட்ட மீன்வலை இவற்றால் பெரிய பயன் இல்லை.

மெத்தையை எங்கே நிறுத்துவது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் நிறுத்துவார்கள். டைனமிக் மைக் முன்பக்கம்தான் கேட்கும், பின்பக்கம் ஏறக்குறைய செவிடு. அதன் முன்பக்கத்தில் இருப்பது பாடுபவர், அவருக்குப் பின்னால் வெறும் சுவர். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேரே மைக்கில் விழும். எனவே முதல் மெத்தை பாடுபவரின் முதுகுக்குப் பின்னால். இரண்டாவது கிடைத்தால் அவருக்குப் பக்கவாட்டில். தரையில் கனமான ஜமுக்காளத்தை நாலாக மடித்து விரியுங்கள்.

மைக்கை அறையின் நடுவிலோ மூலையிலோ வைக்காதீர்கள். மூலையில் கீழ்சுருதிகள் திரளும். நடுவில் சில சுருதிகள் காணாமல் போகும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நிறுத்துங்கள்.

அடுத்து, அதிரும் பொருள்கள். இரும்பு பீரோவின் கதவு, அதன் மேல் அடுக்கிய பாத்திரம், கண்ணாடி அலமாரி, சுவர்க் கடிகாரம். பேஸில் கீழ் ‘மி’யை (E கம்பியை) ஒரு முறை சத்தமாக வாசித்து, எது நடுங்குகிறது என்று காதால் தேடுங்கள். பீரோ கதவிடுக்கில் மடித்த துணியைச் செருகுங்கள். ஃபிரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதன் மேல் வையுங்கள். கிளம்பும்போது ஞாபகம் வரும். உள்ளே மீன் இருக்கும் வீடு.

5. எந்த நேரத்தில் பதிவது

மெத்தையால் எதிரொலியைத்தான் அடக்க முடியும், வெளிச் சத்தத்தைத் தடுக்க முடியாது. படகு எஞ்சினின் அடிச் சத்தம் சுவரைத் துளைத்து வரும். அதற்கு நேரம் பார்த்து ஒதுங்குவது ஒன்றே வழி.

பதியப்போகும் அறையில் ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதிந்து, ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் செய்தால் எந்த மணி நேரம் நம்முடையது என்று தெரிந்துவிடும். மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் கிளம்பும் நாளையும் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடப்பதால் துறைமுகத்தை ஒட்டிய வீடுகளுக்கு அது நல்ல பருவம். நாட்டுப்படகுகள் அப்போதும் ஓடும். வெக்கையும் இருக்கும், எனவே இரவுப் பதிவுதான்.

ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கொட்டகையும் ஓலை வேய்ந்த முற்றமும் நாள் முழுக்கப் படபடக்கும். அப்போது பேட், பேஸ், கீபோர்டு போன்ற வயர் வழி வருபவற்றை முடித்துக்கொண்டு, குரலைக் காற்று ஓய்ந்த நாளுக்குத் தள்ளுங்கள். கீழக்கரை, தொண்டி, ஏர்வாடி என்றால் பாங்கு நேரத்தையும், தங்கச்சிமடம் பக்கம் என்றால் கோயில் மணி நேரத்தையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அது இடைவேளை. டீ குடிக்க வசதி.

6. மென்பொருளில் ஒரே ஒரு முறை செய்ய வேண்டியவை

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். டெமோவுக்குத் தேவையான எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. வேறு எதுவும் பழகியிருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். புது மென்பொருள் கற்பதையும் டெமோவையும் ஒரே வாரத்தில் வைக்காதீர்கள்.

பதிவின் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். இந்த அளவில் ஒரு மோனோ ட்ராக் (ஒற்றை ஒலித்தடம்) நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 எம்பி பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டுக்குப் பத்து ட்ராக், ஒவ்வொன்றுக்கும் மூன்று டேக் (மூன்று முறை பதிவு) என்றால் 1.3 ஜிபி. இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப் பாட்டில் லேப்டாப்பின் டிஸ்க் நிரம்பி நின்ற பதிவை மீட்க வழி இல்லை.

பஃபரை (லேப்டாப் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) பதியும்போது 128ல் வையுங்கள், மிக்ஸ் செய்யும்போது 1024க்கு ஏற்றுங்கள். பதியும்போது பெரிதாக இருந்தால் பாடியது காதுக்குத் தாமதமாக வரும், பாடுபவர் இழுத்துப் பாடுவார். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் (பாடுவதை லேப்டாப் வழியே போகாமல் நேரே காதுக்குத் தருவது) இருந்தால் அதைப் போட்டு, மென்பொருளின் மானிட்டரை அணையுங்கள். இரண்டும் ஓடினால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

கோப்பின் பெயரில் பாட்டு, வேகம், கருவி, டேக் எண் நான்கும் வரட்டும். ‘புதுசு’, ‘புதுசு கடைசி’, ‘நிஜமாவே கடைசி’ என்று போனால் மிக்ஸ் நாளில் யாருக்கும் எதுவும் விளங்காது.

7. கைடு ட்ராக்: இதை அவசரப்பட்டால் எல்லாம் கெடும்

கைடு என்பது க்ளிக்கோடு (மென்பொருள் தரும் ‘டிக் டிக்’ தாளச் சத்தம்) சேர்த்து ஒரு கிட்டாரும் ஒரு குரலும் பாட்டை முழுக்கப் போட்டுக் காட்டும் தற்காலிகப் பதிவு. கடைசியில் அழிந்துபோகும். ஆனால் இதன் மேல்தான் ஐந்து பேரும் கட்டப்போகிறார்கள்.

முதலில் வேகம். க்ளிக் இல்லாமல் எல்லாரும் இயல்பாக ஒரு முறை வாசியுங்கள். போனில் பதிந்து, டாப் டெம்போவில் (தாளத்துக்குத் தட்டினால் வேகத்தைக் காட்டும் வசதி) தட்டி வேகத்தை எடுங்கள். பல்லவியில் ஒரு வேகமும் சரணத்தில் ஒரு வேகமும் வரும். குரல் வசதியாக உட்காரும் வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். மேடையில் ஓடும் வேகம் வீட்டில் அவசரமாகக் கேட்கும்.

பிறகு நடை. தெம்மாங்கு, கும்மி போன்ற பாட்டுகள் பல ஆறு எட்டில் (6/8) ஓடுகின்றன. மென்பொருள் திறந்ததும் நாலு நாலு (4/4) க்ளிக்கைத்தான் காட்டும். அதை மாற்றாமல் ஆறு எட்டுப் பாட்டைப் பதிந்தால் க்ளிக் ஒரு பக்கமும் தோலக் ஒரு பக்கமும் இழுக்கும்; ஏன் ஒட்டவில்லை என்று யாருக்கும் பிடிபடாது. க்ளிக்கை ஆறு எட்டுக்கு மாற்றி, முதல் அடியையும் நான்காவது அடியையும் அழுத்தமாக ஒலிக்கவிடுங்கள்.

மூன்றாவது சுருதி. கீபோர்டில் முந்தைய கச்சேரிக்காகப் போட்ட ட்ரான்ஸ்போஸ் (சுருதி மாற்றம்) அப்படியே இருக்கும். சுழியத்துக்குக் கொண்டுவந்து, ட்யூனிங் 440 என்று காட்டுகிறதா எனப் பார்த்து, கிட்டாரும் பேஸும் அதற்குச் சேரட்டும். பாட்டின் சுருதி, கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டும் கவ்வி) எந்த ஃப்ரெட்டில் என்பவற்றைத் தாளில் எழுதுங்கள். அடுத்த வாரம் வாசிக்க வருபவருக்கு ஞாபகம் இருக்காது.

இரண்டு ஆவர்த்தனம் எண்ணிக்கை விட்டுத் தொடங்குங்கள். இடையிசை எங்கே, எத்தனை சுற்று, முடிவில் எத்தனை முறை திரும்பல் என்பதைப் பாடியபடியே வாயாலும் சொல்லிப் பதியுங்கள்: ‘அடுத்து நாலு சுற்று’ என்று. கைடு முடிந்ததும் ஐவரும் சேர்ந்து கேட்டுச் சம்மதிக்க வேண்டும். பேட் பதிந்த பிறகு ‘இங்கே இன்னும் ரெண்டு சுற்று வேணும்ப்பா’ என்றால் அத்தனையும் மறுபடி.

8. பதியும் வரிசை

தாளம், பேஸ், கிட்டார் அல்லது கீபோர்டு, முதற்குரல், பின்குரல், கடைசியாக அலங்காரங்கள். பேஸ் வாசிப்பவர் தாளத்தின் அடியோடு ஒட்டி விழ வேண்டும். க்ளிக்கோடு மட்டும் வாசித்தால் விறைப்பாக இருக்கும். பாடகருக்கோ முழு மேடையும் காதில் இருந்தால்தான் உணர்ச்சி வரும். அதனால்தான் இந்த வரிசை.

லெவல் (பதியும் ஒலி அளவு) எல்லாவற்றுக்கும் ஒன்றே. உச்சத்தில் மைனஸ் 12 முதல் மைனஸ் 10 டெசிபல். மெதுவான வரியில் லெவல் வைக்கக் கூடாது. சரணத்தின் உச்ச வரியைப் பாடச் சொல்லி வையுங்கள். 24 பிட்டில் குறைவாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றலாம். சிவப்புக்குப் போய் உடைந்ததை ஒட்ட முடியாது.

பேட்: வயரில் இரண்டு வெளியீட்டையும் எடுங்கள். மிடி (ஒலியை விட்டு வாசித்த அடிகளை மட்டும் குறித்துவைப்பது) வசதி இருந்தால் அதையும் கூடவே பதியுங்கள். பிறகு தவிலின் ஒலி பிடிக்கவில்லை என்றால் வாசிப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஒலியை மட்டும் மாற்றலாம்.

தோலக், தபலா: இங்கே பொறுமை வேண்டும். தோல் ஈரத்தைக் குடித்தால் தளரும். அதிகாலையில் கடற்கரையில் ஈரம் அதிகம், அப்போது வலந்தலை சுருதியில் நிற்காது. கருவியைப் பதியும் அறையிலேயே ஒரு மணி நேரம் வைத்து, பிறகு பாட்டின் சுருதிக்குக் கட்டுங்கள். ஃபேன் அணைத்த அறையில் நாலு பேர் வேர்த்தால் அரைமணியில் மறுபடி இறங்கும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் கீபோர்டில் ஒரு ஸ்வரம் அழுத்திச் சரிபாருங்கள். ஒரே மைக் என்றால் கருவிக்கு முன்னால் ஒன்றரைச் சாண் தள்ளி, வலந்தலைப் பக்கம் சற்றுச் சாய்த்து. இரண்டு மைக் வைத்தால், ஒன்றின் ஃபேஸ் பொத்தானை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) மாற்றி மாற்றிக் கேட்டு, இடந்தலையின் ‘தொம்’ எதில் நிறைவாக இருக்கிறதோ அதை வையுங்கள். பறை என்றால் அறைக்குள் வேண்டாம். காய்ச்சி எடுத்த கையோடு, சுவர் அருகில் இல்லாத முற்றத்தில், மைக்கை ஆறேழு அடி தள்ளி நிறுத்திப் பதியுங்கள்.

பேஸ், கிட்டார்: நேரே இன்டர்ஃபேஸில், ‘இன்ஸ்ட்’ பொத்தானை அழுத்தி. அழுத்தாவிட்டால் ஒலி மெலிந்து, உச்சம் மங்கி வரும். அக்குஸ்டிக் கிட்டாருக்கு மைக் வைத்தால் ஓட்டைக்கு நேரே வைக்காமல், கழுத்து உடலோடு சேரும் இடத்தைப் பார்த்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஓட்டைக்கு நேரே ‘கும்’ என்று அடைக்கும்.

கீபோர்டு: ஒரு வயர்தான் இருக்கிறது என்றால் ‘லெஃப்ட் மோனோ’ என்று எழுதிய ஓட்டையில் செருகுங்கள். வலப்பக்கம் மட்டும் செருகினால் பியானோவில் பாதி காணாமல் போகும்.

குரல்: மைக்குக்கும் உதட்டுக்கும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, நடுவில் பாப் ஃபில்டர். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் மூக்கு உயரத்தில் வைத்துச் சற்றுக் கீழே சாய்த்தால் ‘ப’, ‘பூ’ எழுத்துகளின் காற்று மைக்கின் கீழே போய்விடும். ஹெட்ஃபோன் சத்தத்தைக் குறைவாக வையுங்கள். அதிகம் வைத்தால் பலருக்குச் சுருதி இறங்கும், க்ளிக்கும் மைக்கில் கசியும். ஒரு காதைத் திறந்துவைத்துப் பாடுபவர் என்றால் திறந்த பக்கத்தின் ஒலியை அணைத்துவிடுங்கள்.

முழுப் பாட்டையும் மூன்று டேக் எடுங்கள், அவ்வளவுதான். வரி வரியாக முப்பது முறை பாடவைத்தால் தொண்டை போகும், வரிகளுக்கு இடையே உணர்ச்சி ஒட்டாது. ஃபேன் இல்லாத அறையில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கதவைத் திறந்து வெளியே வாருங்கள்.

9. அன்றன்றைக்கு எடுத்துவைத்தல்

உப்பும் ஈரமும் கருவியைச் சத்தமில்லாமல் தின்னும். வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள், வயர்களின் ஜாக் முனைகளையும் துடையுங்கள். மைக், இன்டர்ஃபேஸ், வயர் மூன்றையும் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் மூட்டையோடு வையுங்கள். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது; வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். கண்டென்சர் மைக்கில் ஈரம் ஏறினால் பட், பட் என்று வெடிக்கும். மைக் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடும் முன் இரண்டு நாள் ஜெல்லோடு மூடிவைத்துப் பாருங்கள்.

பதிந்த கோப்புகளை அன்றைக்கே பென்டிரைவ் ஒன்றிலும் இன்னொருவர் லேப்டாப்பிலும் ஏற்றிவிடுங்கள்.

10. மிக்ஸ்

பதிந்த அன்றே மிக்ஸ் செய்யாதீர்கள், காது களைத்திருக்கும். மறுநாள் மூன்று குரல் டேக்கையும் கேட்டு, வரிக்கு வரி நல்லதை எடுத்து ஒட்டுங்கள். வெட்டும் இடம் மூச்சு எடுப்பதற்குச் சற்று முன்னால் இருக்கட்டும். மூச்சை நடுவில் அறுத்தால் காதில் உறுத்தும்.

எந்த எஃபெக்ட்டும் போடும் முன் ஒலி அளவை மட்டும் வைத்துப் பாட்டைச் சமன் செய்யுங்கள். குரலும் தாளமும் முதலில், மற்றவை அவற்றுக்குக் கீழே. பிறகு பேஸையும் தாளத்தையும் விட்டு மற்ற எல்லாவற்றிலும் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள்; எட்டத்தில் ஓடிய எஞ்சின் உறுமல் கணிசமாகக் குறையும். குரல் கலங்கலாக இருந்தால் 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். குரலுக்கு மூன்றுக்கு ஒன்று கம்ப்ரஷன் (சத்தம் ஏறும் இடத்தை அடக்கும் எஃபெக்ட்), உச்ச வரியில் நாலைந்து டெசிபல் அடங்கினால் போதும்.

ரிவர்ப் (எதிரொலி போன்ற எஃபெக்ட்) விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. மேடை எக்கோவுக்குப் பழகிய காது மேலும் மேலும் கேட்கும். கேட்கிறதா இல்லையா என்ற சந்தேகம் வரும் அளவில் நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும் மோனோவில் ஒரு முறை, போன் ஸ்பீக்கரில் ஒரு முறை, ஷேர் ஆட்டோவிலோ காரிலோ ஒரு முறை கேளுங்கள். போனில் பேஸ் கேட்காது. அதைத் தூக்கிவிட்டால் காரில் கதவு அதிரும். அப்போது பேஸில் 700 ஹெர்ட்ஸ் பக்கம் சிறிது ஏற்றினால் போனிலும் இருப்பு தெரியும்.

கடைசியில் லிமிட்டர் (ஒலி ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுப்பது), உச்ச வரம்பு மைனஸ் 1 டெசிபல். யூடியூப் அதிகச் சத்தமான பாட்டைத் தானே இறக்கிவிடும். வலுக்கட்டாயமாக நசுக்கினால் மேளத்தின் அடி மட்டும்தான் சாகும்.

11. அனுப்புதல்

24 பிட் வேவ் கோப்பு ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அனுப்ப 320 கேபிபிஎஸ் எம்பி3 எடுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வாய்ஸ் மெசேஜாகப் போனைப் பிடித்துப் பதிந்து அனுப்பினால் இத்தனை வேலையும் வீண். கோப்பின் பெயரிலேயே குழுவின் பெயர், பாட்டு, தொடர்பு எண் மூன்றும் இருக்கட்டும். பத்துப் பேர் அனுப்பிய கோப்புகளுக்கு நடுவே கமிட்டிக்காரர் உங்களுடையதைத் தேடும்போது மெசேஜ் மேலே போயிருக்கும், பெயர்தான் மிஞ்சும்.

சினிமாப் பாட்டைப் பாடிய டெமோவைக் கமிட்டிக்கு நேரே அனுப்புங்கள், இணையத்தில் ஏற்ற வேண்டாம். உரிமைக் கோரிக்கை வரும். சொந்தப் பாட்டு என்றால் ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக, எல்லாம் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து வரும்படி எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். பின்னால் மதுரையிலோ சென்னையிலோ ஒரு ஸ்டுடியோவில் அந்தப் பாட்டை எடுக்கப் போனால், மென்பொருள் எதுவானாலும் அங்கே அப்படியே திறந்து, குரலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.